நடவு நாளில் தனி ஜெபம்: எப்போது, எவ்வளவு நேரம்?

மன்னை வயல்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குறுவை தொடங்கிட்டா நேரம் நம்ம கையில் இல்லை. மும்முனை கரண்ட் எப்ப வருதோ அப்ப மோட்டார் போடணும், நாத்துப் பறிக்க ஆள் வர்றதுக்குள்ள வரப்பில் நிக்கணும். "நாலு மணிக்கு எழும்பி ஒரு மணி நேரம்" என்பது மூணு நாள்தான் ஓடும். நாலாம் நாள் முழங்காலிலேயே தூக்கம். வீடும் ஒரே ஹால். ராத்திரி குடும்ப ஜெபம் ஒழுங்கா நடக்குது, அதைக் கேட்கலை. தனி ஜெபத்துக்கு என்ன வழி?

தரங்கை லுத்தரன்:
தம்பி, "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" என்று மாற்கு 1:35-ல் இருக்கு, சரி. "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று சங்கீதம் 55:17-லயும் இருக்கு. நாலு மணி சட்டம் இல்லை. பதினொரு மணிக்குத் தண்ணி கட்டிட்டு வந்து படுத்தவன் நாலுக்கு எழுந்தா தூங்கத்தான் செய்வான், அது விசுவாசக் குறைவு இல்லை. தினமும் தப்பாமல் நடக்கிற ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துடுங்க: பல் விளக்கினதும், டீக்கு முன்னாடி. கரண்ட் நேரம் மாறினாலும் அது மாறாது. முதல் மாதம் 15 நிமிஷம் போதும். அதில் 5 நிமிஷம் வாசிப்பு.

மீதி நேரம் வெறுமனே உட்கார்ந்தா மனசு வாய்க்காலுக்கு ஓடிடும். சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லுத்தர் 1535-ல் தன் முடிதிருத்துபவர் பேதுருவுக்கு எழுதிக் கொடுத்த முறை இதுக்குத்தான். ஒரே வரியை எடுத்து அதை நாலு புரியா முறுக்கணும்: இது என்ன கற்பிக்குது, எதுக்கு நன்றி, எதை அறிக்கையிடணும், என்ன கேட்கணும். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியை எடுத்துக்குங்க. கற்பிப்பது: சோறு அவர் கொடுப்பது, அதுவும் இன்றைக்கு உள்ளது. நன்றி: மேட்டூர்த் தண்ணி கடைமடை வரை வந்தது. அறிக்கை: பக்கத்து வயல் மடையை ராத்திரியில் அடைச்சது, நடவுக் கூலியில் இழுபறி செய்தது. விண்ணப்பம்: அறுப்பு நேரத்தில் மழை வேண்டாம், குனிஞ்சு நடுற அக்காமார் இடுப்புக்குப் பெலன் வேணும். இவ்வளவுக்கும் ஆறேழு நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு நினைவு ஆழமா பிடிச்சுக்கிட்டா மத்ததை விட்டுட்டு அதிலேயே இருக்கச் சொல்றார் லுத்தர். கவனம் சிதறினா? சவரக்கத்தி பிடிச்சவன் ஊர்க்கதை பேசினா மூக்கையோ கழுத்தையோ அறுத்துடுவான் என்றும் அந்தப் பேதுருவுக்கே எழுதியிருக்கார்!

பூண்டி மாதா பக்கம்:
இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்க வழக்கத்தில் இருந்து ஒண்ணு சொல்றேன். காலை 6, நண்பகல் 12, மாலை 6 மூவேளை செபம், ஒவ்வொண்ணும் இரண்டு நிமிஷம்தான். கோயில் மணி கேட்கிற தூரத்தில் வயல் இருந்தா கடிகாரமே வேண்டாம், வரப்பில் நின்னபடியே சொல்லலாம். 53 மணி செபமாலையை ஒரே மூச்சில் முடிக்கணும்னு இல்லை, பத்து மணிகளை உருட்டிச் சொல்ல மூணு நாலு நிமிஷம்தான். கையில் சேறா? விரல் பத்து இருக்கே. இரவு ஆன்ம சோதனையை (அன்றைய நாளை நினைச்சுப் பார்த்துத் தப்பை உணர்றது) மட்டும் படுத்துக்கிட்டுச் செய்யாதீங்க, பாதியில் கண் சொக்கிடும். திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுட்டுப் படுங்க.

கொள்ளிடக்கரை:
வரப்பில் நின்னு சொல்றது நல்லதுதான், ஆனா அதையே முழுசா நம்பினா ஒரு நாள்கூட நிதானமா வேதம் திறக்க மாட்டோம். அண்ணன் சொன்ன அந்தப் பதினைந்து நிமிஷத்தை விட்டுடாதீங்க.

தனி அறை இல்லைன்னு கவலை வேண்டாம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்ற மத்தேயு 6:6-ல் "அறைவீடு" என்று வர்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாமான் வைக்கிற உள்ளறை என்றும் பொருள் உண்டு. நெல் மூட்டை அடுக்கின மூலையில் சுவரைப் பார்த்து ஒரு பாய் போடுங்க. அந்தப் பாயில் இருக்கும்போது கூப்பிடக் கூடாதுன்னு பிள்ளைகளிடம் சொல்லி வைங்க.

போனில் வேதாகமம் வாசிக்கிறதில்தான் நிறைய பேருக்குக் கெடுது. சங்கீதத்தைத் திறக்கும்போதே நெல் விலை மெசேஜ் வந்து நிக்கும். அச்சுப் புத்தகம் வைங்க, போன் அடுத்த பக்கம் சார்ஜில் கிடக்கட்டும்.

ஜெபக் குறிப்பு நோட்டும் அப்படித்தான், நாப்பது பேர் சேர்ந்ததும் வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி ஆயிடும். திங்கள் குடும்பம், செவ்வாய் சபை, புதன் வியாதியஸ்தர் என்று பிரிச்சா ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் வருவாங்க.

மன்னை வயல்:
நன்றி அண்ணே. சங்கீதம் முழுக்க ஒரு மாதத்தில் முடிக்க முடியுமா? நடுவில் நாலு நாள் விட்டுப்போனா?

கொள்ளிடக்கரை:
முடியும், ஆனா நேரம் கூடும். தேதியோடு முப்பது முப்பதா கூட்டுங்க: 7-ம் தேதின்னா 7, 37, 67, 97, 127. தினம் ஐந்து, 30 நாளில் 150. 29-ம் தேதிதான் சிக்கல், அன்னைக்கு 119 வரும், 176 வசனம். அதை 31-க்குத் தள்ளுங்க, இல்லைன்னா தனியா எடுத்து எட்டு எட்டு வசனமா 22 நாள் வாசிங்க. நடவு மாதத்தில் ஐந்து அதிகம், ஒண்ணு போதும். விட்டுப்போன நாலு நாளை ஈடுகட்டப் பார்க்காதீங்க. இருபது சங்கீதம் பாக்கின்னு நினைச்சாலே புத்தகத்தைத் தொடத் தோணாது. அன்றைய தேதிக்கு உள்ளதைத் திறங்க.