பாரசீகச் சாப்பாடு: எந்தக் கடை தேறும்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

மாலதி_கே
நகரத்துல 'பெர்சியன்'னு போர்டு போட்ட கடை நாலு இருக்கு. ரெண்டுல ஷவர்மா, ஹம்முஸ், பிரியாணி எல்லாமே கிடைக்குது. ரிவ்யூ பார்த்தா எல்லாமே நல்லா இருக்குன்னுதான் போட்டிருக்கு. ஆறு பேர் போறோம், ரெண்டு பேர் சைவம் (பால், தயிர் ஓகே, முட்டை கூடாது). எதை வெச்சு முடிவு பண்றது, என்ன ஆர்டர் பண்றது?

சோற்றடை
மெனுவுல கபாப் பக்கத்தைத் தள்ளிட்டு 'கோரெஷ்த்' பக்கத்தைப் பாருங்க. சோத்துக்கு ஊத்திக்கற கெட்டிக் குழம்புக்கு அதான் பேர். கபாப் யார் வேணா சுட்டுடலாம். தினமும் கோர்மே சப்ஜியும் ஃபெசென்ஜானும் வைக்கற கடையிலதான் சமைக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கார்.

கோர்மே சப்ஜிக்கு பார்ஸ்லி, கொத்தமல்லி, பூண்டுத்தாள் மாதிரி இருக்கற 'தரே', கொஞ்சம் வெந்தயக்கீரை. பொடியா நறுக்கி, கரும்பச்சையாகற வரைக்கும் எண்ணெய்ல வதக்கணும். குழம்பு பளிச்சுனு பச்சையா வந்தா கீரை வதங்கலை, புல் வாடை அடிக்கும். கசந்தா வெந்தயக்கீரை கூடிப்போச்சு, இல்லேன்னா புளிப்புக்குப் போடற காய்ஞ்ச எலுமிச்சையோட விதை குழம்புல இறங்கியிருக்கு.

ஃபெசென்ஜான்ல அரைச்ச வால்நட்டும் மாதுளைச் சாறு காய்ச்சின பாகும். சிறுதீயில ரெண்டு மணி நேரமாவது கொதிக்கணும். வால்நட் எண்ணெய் பிரிஞ்சு மேல மிதந்தா பதம் சரி. வெளிறிப்போய் மாவா இருந்தா அவசரத்துல இறக்கியிருக்காங்க.

இன்னொண்ணு: போன் பண்ணி "இன்னைக்கு தஹ்திக் இருக்கா?"னு கேளுங்க. பானை அடியில பொன்னிறமா முறுகற சோத்து அடை அது. ஒரு பானைக்கு ஒரு அடைதான், சீக்கிரம் தீர்ந்துடும். அதனால மதியமே போங்க.

சீக்கு_கம்பி
கபாப் யார் வேணா சுடலாம்ங்கறதை ஒத்துக்க மாட்டேன். கூபிதேல (கொத்துக்கறியைக் கம்பியில பிடிச்சுச் சுடற கபாப்) தப்பு நடக்க நிறைய இடம் இருக்கு. கொத்துக்கறியில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கொழுப்பு வேணும், குறைஞ்சா சக்கையா வறண்டுடும். துருவின வெங்காயத்தைப் பிழிஞ்சு சாறை எடுத்துடணும். ஈரம் இருந்தா கறி கம்பியில நிக்காம நெருப்புல விழும். அப்புறம் கையில ஒட்டற வரைக்கும் பிசையணும்.

தட்டு வந்ததும் கபாப் மேல பாருங்க. விரலால அழுத்தின பள்ளம் வரிசையா தெரிஞ்சா கையால கம்பியில ஏத்தினது. குழாய் மாதிரி வழவழன்னு இருந்தா பெரும்பாலும் மெஷின்ல வந்தது.

சோறு உதிரி உதிரியா வெள்ளையா வந்து, மேல மட்டும் குங்குமப்பூ தண்ணி கலந்த ஒரு கரண்டி சோறு இருக்கணும். மொத்தமும் மஞ்சளா இருந்து வாசனையே இல்லேன்னா அது மஞ்சள்தூள் வேலை. மேஜையில சுமாக் பொடி (புளிப்பான செம்பழுப்புப் பொடி) இருக்கானு பாருங்க, இல்லேன்னா கேட்டு வாங்குங்க. வெண்ணெயைச் சூட்டோட சோத்துல பிசைஞ்சு, சுட்ட தக்காளியை மசிச்சு, மேல சுமாக் தூவிச் சாப்பிடுங்க.

புதினா_தாளிப்பு
சைவக்காரங்க கவனமா இருக்கணும். மிர்ஸா காசெமி சுட்ட கத்திரிக்காய்தான், ஆனா முட்டை உண்டு. கூகூ சப்ஜியும் முட்டையிலதான் செய்யறது. ஆஷ் ரெஷ்தே பார்க்கக் கீரை, பயறு, நூடுல்ஸ். சில கடையில எலும்புச் சாறு ஊத்துவாங்க, கேட்டுடுங்க. "சைவம்"னா கோர்மே சப்ஜியில கறித்துண்டை மட்டும் எடுத்துட்டுக் கொடுக்கற கடையும் இருக்கு. அதனால "கறி இருக்கா"னு கேக்காம "கறியோட வெந்ததா"னு கேளுங்க.

நம்பி வாங்க கஷ்க் பாதெம்ஜான் இருக்கு: கத்திரிக்காய் மசியல், மேல புளிப்பும் உப்புமான கஷ்க் (பால் பொருள்தான்), வறுத்த புதினா, வெங்காயம். கறி இல்லாத பாகாலி போலோவும் கேளுங்க, சதகுப்பைக் கீரையும் (dill) பாகாலிக் கொட்டையும் (ஃபாவா பீன்ஸ்) போட்ட சோறு. மாஸ்த் ஓ கியார், அதாவது வெள்ளரித் தயிர், தொட்டுக்க.

ஆறு பேருக்கு ரெண்டு சொல்தானி (ஒரு பார்க், அதாவது மெல்லிசா வெட்டின கறியைச் சுட்ட கபாப், அதோட ஒரு கூபிதே சேர்ந்தது), ஒரு ஃபெசென்ஜான், ரெண்டு கஷ்க் பாதெம்ஜான், ஒரு பாகாலி போலோ சொல்லுங்க. சொல்தானியோட சோறு வந்துடும், ஃபெசென்ஜானுக்குச் சோறு தனியானு கேட்டுக்கோங்க. பத்தலேன்னா அப்புறம் வாங்கிக்கலாம். எதுலயும் மிளகாய்க் காரம் இருக்காது, முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.