எங்கள் ஏரியாப் பசங்களுக்கே கேள்வித்தாள் கொடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

ரெட்_ஃபாலோ (கேள்வி)

வணக்கம். நான் வியாசர்பாடி. சமூகவியலில் பிஎச்.டி., இரண்டாம் வருடம். தீவிரவாத இயக்கங்களுக்குள் ஆட்கள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் தலைப்பு. இதை வீட்டில் சொன்ன அன்று அம்மா இட்லிப் பானையை இறக்க மறந்து என்னையே பார்த்தார். "ஊர்ல வேற எதுவுமே கிடைக்கலையா உனக்கு?" சரி, அது வேறு கதை.

போன மாதம் கமிட்டி மீட்டிங். சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கம்) ஃபதாலி மொகதம் என்ற உளவியலாளர் 2005இல் எழுதிய மாடிப்படி மாதிரியை வரைந்து வைத்திருந்தேன். தரைத்தளம், அதற்கு மேல் ஐந்து மாடி. ஏற ஏற வெளியே போகும் வழிகள் குறைந்துகொண்டே வரும், கடைசி மாடியில் தாக்குதல். படமாகப் பார்க்க அழகாக இருக்கும். அதைப் பார்த்த ஒருவர் கேட்டார்: "நீ வியாசர்பாடிதானேம்மா? அப்புறம் எதுக்கு வெளியே தேடற? உங்க ஏரியாவிலேயே வேலைவெட்டி இல்லாத பசங்க முந்நூறு பேரைப் பிடிச்சுக் கேள்வித்தாள் கொடு. யார் யார் எந்தப் படியில நிக்கறாங்கன்னு தெரிஞ்சிடும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் அட்ரஸுக்கு ஏற்கெனவே இருக்கிற பெயர் போதும். என் அண்ணன் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது ஊர் என்ற இடத்தில் பெரம்பூர் என்றுதான் எழுதுவான். பின்கோடு 39 என்பதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறவர்களும் உண்டு. இதில் நானே போய் முந்நூறு பேரைப் படிக்கட்டில் நிற்க வைத்துப் பட்டியல் போட வேண்டுமா?

இன்னொரு குழப்பம். எங்கள் தெரு முனை மன்றத்தில் நான் சின்ன வயதில் கேரம் ஆடியபோது கூட ஆடியவர்கள் நாலு பையன்கள். அதில் ஒருவன் பிறகு ஏரியா அண்ணன் ஒருவரோடு சுற்ற ஆரம்பித்து, இப்போது புழலில் இருக்கிறான். இது ரௌடித்தனம், தீவிரவாதம் இல்லை, தெரியும். ஆனால் நாலு பேரில் அவன்தான் ரொம்ப சாது. போரிக் பவுடர் வாங்கிவந்து போர்டு துடைத்துவிட்டு, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பான். கோபக்காரன் வேறொருவன். வண்டிச் சோதனையில் காரணமே இல்லாமல் கன்னத்தில் வாங்கியவன், ஒரு வருடம் அதையே பேசிக்கொண்டிருந்தான். எந்தப் படிக்கட்டு மாதிரியாக இருந்தாலும் அவன்தான் மேல் மாடிக்குப் போயிருக்க வேண்டும். அவன் இன்று விம்கோ நகர் மெட்ரோ டிப்போவில் வேலை பார்க்கிறான், மூன்று வயதில் பெண் குழந்தை. சாதுவோ "இந்த வண்டியைக் கொண்டுபோய் மூலக்கொத்தளத்துல வுட்டுட்டு வா" என்பதில் ஆரம்பித்தான்.

யாரைக் கேட்பது, என்ன கேட்பது, இந்த 300 கேள்வித்தாளிலிருந்து தப்பிப்பது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தாடி

தங்கச்சி, இந்தத் துறையில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீ தலையாட்டியது தப்பு. ஆனால் உன் குழப்பம் சரியான குழப்பம்.

முதலில் அந்த முந்நூறு. வறுமையும் வேலையின்மையும் இருக்கிற இடத்தில் தேடினால் கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. 2003இல் ஆலன் க்ரூகரும் யித்கா மலெச்கோவாவும் லெபனானில் இறந்துபோன ஹெஸ்பொல்லா போராளிகள் 129 பேரின் விவரங்களை அதே வயதுள்ள மற்ற லெபனானியரோடு ஒப்பிட்டார்கள். போராளிகளிடம் வறுமை குறைவாகவும் பள்ளிப்படிப்பு அதிகமாகவும் இருந்தது. டியகோ காம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டோக் இருவரும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் படிப்பை எடுத்துப் பார்த்தபோது இன்ஜினியர்கள்தான் அளவுக்கு மீறி இருந்தார்கள். இதை வைத்து உன் கமிட்டிக்காரர் ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் ரோட்டில் முந்நூறு கேள்வித்தாள் கொடுக்கச் சொல்வாரா? மாட்டார். வியாசர்பாடி என்றால்தான் சொல்வார்.

ஆள் எப்படிப்பட்டவன் என்று ஜாதகம் பார்க்கிற வேலையை இந்தத் துறை எப்போதோ கைவிட ஆரம்பித்துவிட்டது. மார்த்தா க்ரென்ஷா 1981லேயே எழுதிவிட்டார்: இவர்களிடம் பொதுவாக இருக்கும் ஒரே பெரிய குணம், சாதாரணமாக இருப்பதுதான். மனநோய் என்று தேடியவர்களுக்கும் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. மார்க் சேஜ்மன், அமெரிக்க உளவுத் துறையில் இருந்து பிறகு மனநல மருத்துவர் ஆனவர், 2004இல் இஸ்லாமியத் தீவிரவாதிகள் 172 பேரின் வாழ்க்கையைத் தொகுத்தார். பெரும்பாலானவர்களை உள்ளே இழுத்தது ஏற்கெனவே இருந்த நட்பும் உறவும். கொள்கைப் பிடிப்பு பல பேருக்கு உள்ளே போன பிறகுதான் இறுகியது.

அதனால் உன் சாதுவும் கோபக்காரனும் எனக்கு ஆச்சரியமே இல்லை. கிளார்க் மெக்காலியும் சோபியா மோஸ்கலென்கோவும் இதற்காகவே இரண்டு பிரமிடு வேண்டும் என்கிறார்கள், கருத்துக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று. கொதித்துப் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சுண்டுவிரலைக்கூட அசைப்பதில்லை. செயலில் இறங்கிய சிலருக்கோ சொல்லிக்கொள்ள ஒரு கருத்தே கிடையாது, நண்பன் கூப்பிட்டான், போனார்கள். ஒரே மாடிப்படியில் இரண்டையும் அடைத்தால் கோபக்காரன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாய்.

ஜான் ஹோர்கன் என்று ஒரு ஐரிஷ் உளவியலாளர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: "ஏன் சேர்ந்தாய்" என்று கேட்காதே, "எப்படிச் சேர்ந்தாய்" என்று கேள். ஏன் என்றால் பிரசங்கம் வரும், அதுவும் இயக்கம் சொல்லிக்கொடுத்த பிரசங்கம். எப்படி என்றால் யார் வந்தார், எந்த டீக்கடை, யார் வண்டி, அன்று யார் வரவில்லை என்று வரும். சேர்வது, உள்ளே இருப்பது, விலகுவது மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதும் அவர் வலியுறுத்துவது. விலகியவன் மனம் மாறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அலுத்திருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ரௌடிக் கும்பலை இதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டு ரொம்ப தூரம் போகாதே. உள்ளே நுழையும் வாசல் ஒன்றுபோல இருக்கலாம், உள்ளே இருக்கிற வீடு வேறு. அங்கே மாமூல், கெத்து, பழிக்குப் பழி. இங்கே ஒரு பெரிய கதை வேண்டும், அந்தக் கதைக்காகச் செத்தாலும் பெருமை என்ற எண்ணம் வேண்டும். ஆரி க்ருக்லான்ஸ்கி தேவை, கதை, கூட்டாளிகள் என்று மூன்றைச் சொல்வார். 2009க்குப் பிறகு இலங்கையில் மறுவாழ்வு முகாம்களில் இருந்த முன்னாள் புலிகளிடம் அவரும் சகாக்களும் ஆய்வு செய்தார்கள். படி, ஆனால் ஒரு சந்தேகத்தோடு படி. காவலில் இருக்கிற ஒருவர் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தை டிக் அடிப்பார் என்று உனக்கே தெரியும்.

லெஃப்ட்_விங்_தாத்தா

நான் முல்லை நகர் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடியவன். இப்போது முட்டி போய்விட்டது, கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதோடு சரி.

தாடி தம்பி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். 2004 மார்ச் 11, மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரம் கழித்துப் போலீஸ் சுற்றி வளைத்தபோது ஏழு பேர் தங்களையே வெடித்துக்கொண்டார்கள். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் மொராக்கோவில் டெட்டுவான் நகரத்தில் ஒரே பேட்டையில் வளர்ந்தவர்கள். ஸ்காட் அட்ரன் என்ற மானுடவியலாளர் அங்கே போய்ப் பேசியிருக்கிறார். இந்த மாதிரி கூட்டங்கள் பல, கூடவே பந்து விளையாடிய பசங்களாக இருக்கிறது என்பது அவர் கண்டது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கிரவுண்டில் விடியற்காலை ஐந்தரைக்கு ஐம்பது பேர் நிற்கிறான். ஒருத்தன் அடிபட்டால் பதினோரு பேரும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பாசம்தான் அங்கே அந்த வேலை செய்தது என்றால் எங்கள் ஆட்டத்தை நிறுத்திவிடுவதா? அப்புறம் யோசித்தேன். அந்தப் பேட்டையில் பந்து விளையாடியது ஐந்து பேர் மட்டுமா? மீதிப் பேர் எங்கே போனார்கள்? கடை வைத்திருப்பான், டிரைவராக இருப்பான். பாப்பா, அவர்களிடம் போய்க் கேள். உங்கள் படிப்பில் அவர்கள் பேச்சே வருவதில்லை.

மண்ணடி வக்கீல்

மேலே எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள், நான் கெட்டதைச் சொல்கிறேன்.

யாரிடமும் "இது நமக்குள்ளேயே இருக்கும்" என்று வாக்குக் கொடுக்காதே. கட்சிக்காரர் என்னிடம் சொல்வதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆராய்ச்சி மாணவியிடம் சொல்வதற்குக் கிடையாது. அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் 2001லிருந்து ஒலிப்பதிவு எடுத்தது. சாகும்வரை வெளியே விடமாட்டோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். 1972இல் நடந்த ஒரு கொலைக்காக 2011இல் சம்மன் வந்தது. பதிவுகளில் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. இவ்வளவு பெரிய கல்லூரியாலேயே முடியவில்லை, உன் பென் டிரைவால் முடியுமா?

யுஏபிஏ என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு தருவது தனிக் குற்றம். ஆய்வுக்காகத்தான் அந்தப் பிரசுரத்தை வைத்திருந்தேன் என்பதைக் கைதான பிறகு நிரூபிக்கிற நிலைமை உனக்கு வரக்கூடாது. நெறிமுறைக் குழு ஒப்புதலும் கைடு கையெழுத்தும் முதலில். டவுன்லோட் அப்புறம்.

பயப்படாமல் படிக்கக்கூடியவை தீர்ப்புகள். ராஜீவ் கொலை வழக்கில் தடா (அப்போதைய தீவிரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் 1998இல் 26 பேருக்கும் தூக்கு என்றது. உச்ச நீதிமன்றம் 1999இல் அதில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. அந்தத் தீர்ப்பை அரசியலை ஒதுக்கிவைத்துப் படி. யாருக்கு எதுவரை தெரியும், யார் வெறுமனே தங்க இடம் கொடுத்தார் என்று ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் கோர்ட் தேடுவது குற்றத்தை. ஒருவர் வாழ்க்கை எப்படித் திரும்பியது என்பது அதற்குத் தேவைப்பட்ட அளவுக்கு மட்டும்தான் வரும்.

கடைசியாக, உன் கேள்வியிலேயே ஒரு கோளாறு. உன் தெரு மன்றத்தில் கேரம் ஆடி, விம்கோ நகர் டிப்போவில் வேலை பார்க்கும், மூன்று வயதுப் பெண் குழந்தை உள்ளவர் எத்தனை பேர்? பெயர் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கண்ணு, முழு அட்ரஸும் கொடுத்திருக்கிறாய்.

ரெட்_ஃபாலோ

அக்கா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. திருத்தலாம் என்று போனால் 24 மணி நேரம் தாண்டிவிட்டது, மாற்ற முடியாதாம். மட்டுறுத்துநருக்கு எழுதியிருக்கிறேன்.

தாத்தா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோபக்காரனைப் பார்த்தேன். முதலில் நான் செய்த வேலையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். எழுதிக்கொள்ள அனுமதியும் கேட்டேன், கொடுத்தான். ஏன் என்று கேட்காமல், சாது வண்டியைக் கொண்டுபோன அந்த முதல் நாள் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

"வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னது என்னைத்தான். அன்னிக்கு ஆயாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். நான் இல்ல. போர்டு தொடச்சிக்கினு இருந்தவனை அனுப்பிட்டாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதவில்லை. இதை ஆய்வில் சேர்க்கலாமா அக்கா?

மண்ணடி வக்கீல்

இப்போது வேண்டாம். புழலில் இருப்பவருக்கு வழக்கு முடிந்துவிட்டதா என்று முதலில் விசாரி. முடியவில்லை என்றால் நீ இப்போது எழுதியது சாட்சி. இந்தப் பதிவையும் எடுக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்கு இன்னொரு தடவை எழுது.