மறு: கூலண்டுக்குச் சொல் – குளிர்மமா, தணிநீரா?

நண்பர்களுக்கு வணக்கம்,

பழைய வண்டிகளில் கூலண்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்க அதற்குள் சுற்றி ஓடும் திரவம்) கோளாறைக் கண்டுபிடிக்கும் பாடம் நாளை மாலை மாணவர்கள் கைக்குப் போயாக வேண்டும். அதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்று நான்கு நாளாகப் பேசுகிறோம், அந்த ஒரு சொல்லுக்கு விட்ட இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

குளிர்மம் என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். திண்மை திண்மம், நீர்மை நீர்மம் என்றால் குளிர்மை குளிர்மம் ஆகலாம், இலக்கணத்தில் நான் குறை சொல்லவில்லை. என் பயம் வேறு. ஓடி நின்ற வண்டியில் அந்தத் திரவம் 90 டிகிரியில் இருக்கும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்குமென்றால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். இன்ஜின் சூடேறிப்போய் நிற்கிற வண்டியில் மூடியைத் திருகினால் அழுத்தம் போய், அடங்கியிருந்தது கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். 'குளிர்மத்தின் அளவைப் பார்' என்று படிக்கிற புதுப்பையன் கையை எங்கே வைப்பான் என்று யோசியுங்கள்.

'ஆற்று' என்பதை வைத்து வெப்பாற்றி, ஆற்றுநீர் என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த வேர் எனக்கும் மிகவும் பிடித்தது. மாறு மாற்று, ஏறு ஏற்று போல ஆறு ஆற்று. ஔவை 'ஆறுவது சினம்' என்றதும் இந்த ஆறுதான், பாலை ஆற்றுவதும் இதுதான். சூடான திரவத்தைக் காற்றில் ஆறவிடும் ரேடியேட்டருக்கு 'கதிர்வீசி' என்று போட்ட பழைய மொழிபெயர்ப்பைவிட 'வெப்பாற்றி' எவ்வளவோ மேல், ஏனென்றால் அங்கே கதிராகப் போகிற வெப்பம் கொஞ்சம்தான், காற்று வாரிக்கொண்டு போவதே பெரும்பகுதி. அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ஓடுவதை 'ஆற்றுநீர்' என்றால் எல்லாரும் ஆற்றுத் தண்ணீர் என்றுதான் படிப்பார்கள்.

அப்புறம் தணிநீர். தணிந்த, தணிகிற, தணியும் நீர் என்று விரித்தால் அது தானே தணிவதாகப் பொருள்படும், வெப்பத்தைத் தணிப்பதாக ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுவேதான் இந்தச் சொல்லின் அழகு. தணிதலுக்கும் தணித்தலுக்கும் ஒரே வேர், வினைத்தொகை இரண்டையும் உள்ளே வைத்துக்கொள்கிறது. இன்ஜினுக்குள் போகும்போது அது தணிக்கிறது, வெப்பாற்றிக்குள் வந்ததும் தான் தணிகிறது. இந்தச் சுற்று எங்கே அறுந்தது என்று தேடுவதுதான் பாடமே. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் மேல் குழாய் கொதிக்க, கீழ் குழாய் தொட்டால் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து திரவத்தை வெப்பாற்றிக்கு விடும் அடைப்பான்) மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது வெப்பாற்றி அடைத்திருக்கலாம்.

'நீர்' என்று பார்த்தால் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவிடுவார்கள் என்ற எதிர்ப்பு மட்டும் எனக்கு உறைக்கிறது. கிளைக்கால் (கூலண்டில் தண்ணீரோடு சேர்க்கும் வேதிப்பொருள்) கலவை இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடிய பழைய வண்டியின் உட்புறத்தைத் திறந்தால் துருச்சேறுதான் வரும். கண்ணீரும் செந்நீரும் வெறும் தண்ணீர் இல்லையே என்று பதில் சொல்லலாம், ஆனால் அது தமிழ் படித்தவருக்குச் சொல்கிற பதில். அதனால் முதல் பக்கத்தில் 'பாதிக்குப் பாதி கலந்தது' என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

கூலண்ட் என்றே எழுதினால் என்ன என்று கேட்டவருக்கு: பட்டறையில் அப்படியே சொல்லட்டும், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் கூலண்ட் என்பது அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பையனுக்குச் சொல்வதில்லை. எந்தச் சொல்லையும் நான் ஒரு கோளாறு வாக்கியத்தில் போட்டுத்தான் பார்ப்பேன்: 'வெளியே கசிவு இல்லை, தணிநீர் குறைந்துகொண்டே வருகிறது, புகைபோக்கியில் இனித்த வாடையோடு வெண்புகை: ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு.' (ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு.) தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. குளிர்மத்தைப் போட்டும் படித்துப் பாருங்கள்.

வாட்டர் பம்ப்பின் அடியில், உள்ளே கசிவதை வெளியே விடும் சிறு துளையான வீப் ஹோலுக்குக் 'கண்ணீர்த்துளை' வேண்டாம், 'கசிதுளை' போதும். உள்ளே சீல் போனால் அந்தத் துளையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும், அதற்கு ஒரு சொல் யாரிடமாவது இருக்கிறதா? 'பூப்பு' சரிவராது, வகுப்பில் வேறு பொருளில் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போதைக்குத் தணிநீர் என்று அச்சுக்குக் கொடுக்கிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் கூலண்ட். குளிர்மம் என்று சொன்ன மூவரும் ஒப்பவில்லை என்பது தெரியும். அடுத்த பதிப்புக்கு முன் வாதத்தைத் தொடருங்கள், நான் கேட்கிறேன்.