"காவி" வேண்டாம், "பொதிநிறம்" எண்டு வைப்பம் (முயல் நிறச் சொற்கள்)

எல்லாருக்கும் வணக்கம், வெளியில ஒரு நிறமா இருந்துகொண்டு இன்னொரு நிறத்திட அலகை (ஜீனை) உள்ளுக்க ஒளிச்சு வைச்சிருக்கிற முயலை ஆங்கிலத்தில "கேரியர்" எண்டுறது, அதுக்குத் தமிழில என்ன சொல்லு எண்டதுதான் கதை.

> நுளம்பை நோய்க்காவி எண்டு சொல்லுறம்தானே, முயலுக்கும் "காவி" எண்டே வைச்சால் என்ன?

மட்டக்களப்பு அக்கா கேட்ட இந்தக் கேள்வியில இருந்தே தொடங்கிறன், ஏனெண்டால் நானும் முதல்ல அப்பிடித்தான் எழுதினனான். பள்ளிக்கூடத்தில நோய்க்காவி (நோயைச் சுமந்து பரப்புறது) படிச்ச ஆக்கள் நாங்கள், வீட்டிலயும் "அந்தக் குடத்தைக் காவிக்கொண்டு வா" எண்டுதான் சொல்லுறது, அதால எங்கட காதுக்கு அது நல்லாப் பொருந்துது. ஆனா இங்க கதை நிறத்தைப் பற்றி. போன மாசம் நான் ரெண்டு கறுப்புக் குட்டியிட போட்டோவைப் போட்டு "கறுப்பு, சொக்லேற் காவி" எண்டு எழுத, தம்பலகாமத்தில இருந்து ஒரு அண்ணை போன் எடுத்து "தம்பி, அந்தக் காவிக் கலர் குட்டி என்ன விலை" எண்டு கேட்டார். அவரில ஒரு பிழையும் இல்லை. கோயில் மதில்ல அடிக்கிற நிறம்தானே காவி. நிறம் சொல்லுற இடத்தில இன்னொரு நிறத்திட பேரைக் கொண்டுவந்து வைக்கேலாது.

"கேரியர்" எண்டே விடலாம் எண்டு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்கள். கேரியர் எண்டால் எங்களுக்கு சைக்கிளுக்குப் பின்னால இருக்கிறது, இல்லாட்டி சாப்பாடு கட்டுறது. அதோட ஒண்டு யோசியுங்கோ, ஜெனெட்டிக்ஸ் (பரம்பரையியல்) எண்ட பேரை ஆங்கிலேய விஞ்ஞானி பேற்சன் 1905 இல வைச்சவர், ஜீன் எண்டதை டென்மார்க் விஞ்ஞானி யொகான்சன் 1909 இல வைச்சவர், அவைக்கும் அது தேவைப்பட்ட நேரத்தில உண்டாக்கின சொல்லுத்தான். 1936 இல சென்னையில கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கின விபுலாநந்த அடிகள் எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியிலயும் சேவை செய்தவர், அந்த ஊரில இருந்துகொண்டு ஒரு சொல்லுக்கு முயற்சி செய்யாமல் விட எனக்கு மனம் வரேல்ல.

இனி விசயத்துக்கு வாறன். கறுப்பு முயலும் கறுப்பு முயலும் சேர்ந்து சொக்லேற் குட்டி போடும். கபிலத்துக்கான (சொக்லேற் நிறத்துக்கான) அலகு அம்மாவிலயும் ஒண்டு, அப்பாவிலயும் ஒண்டு ஒளிஞ்சிருந்தால், கணக்குப்படி 4 குட்டியில 1 சொக்லேற், 2 கறுப்பா இருந்து அதை உள்ளுக்க வைச்சிருக்கும், 1 சுத்தக் கறுப்பு. அதாவது கறுப்பா வாறதில 3 இல 2 ஒளிச்சு வைச்சிருக்கிற குட்டிதான், ஆனா தூக்கிப் பார்த்தோ மயிரைத் தடவிப் பார்த்தோ எது எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. இந்த 2 குட்டிக்குத்தான் பேர் வேணும். எங்கட புத்தகத்தில இருக்கிற "பின்னிடைவு", தமிழ்நாட்டுப் புத்தகத்தில இருக்கிற "ஒடுங்கு" ரெண்டுமே இப்பிடி ஒளியிற இயல்பிட பேர், அதை வைச்சிருக்கிற முயலிட பேர் இல்லை.

> மறைந்திருப்பதால் "மறைநிறம்" போதுமானது.

கோயம்புத்தூர் ஐயா, கேட்க வடிவான சொல்லுத்தான், நான் ஏன் தயங்கிறன் எண்டால் எங்கட வீட்டில நடந்த ஒண்டால. எங்கட கறுப்புப் பெண் முயலோட கண் சிவப்பான வெள்ளை ஆணை விட்டனாங்கள், கறுப்பும் வெள்ளையும் வரும் எண்டுதான் பிள்ளையள் காத்துக்கொண்டு இருந்ததுகள், 31 ஆம் நாள் 6 குட்டி போட்டுது, முதல் நாள் தோல் மட்டும்தான், கிழமை முடியேக்க பார்த்தால் ஆறும் காட்டு முயல் நிறம்! ஒரு குட்டியைக் கையில வைச்சு முதுகு மயிருக்குள்ள மெதுவா ஊதினன். வட்டமா விரிஞ்சுது, அடியில நீலச்சாம்பல், நடுவில செம்மஞ்சள், நுனியில கறுப்பு, ஒரே மயிரில மூண்டு நிறம் வளையம் வளையமா. பக்கத்து வீட்டு ஆச்சி "நிலாவெளிப் பத்தைக்குள்ள இருக்கிற காட்டு முசல்தான் வந்திருக்கு" எண்டு முடிவே கட்டிட்டா. அது நடக்கேலாது, வளர்ப்பு முயலுக்கு நிறமூர்த்தம் (குரோமோசோம்) 44, எங்கட காட்டு முசலுக்கு 48, ரெண்டும் வேற இனம்.

நடந்தது என்னெண்டால், அந்த வெள்ளை ஆண் உள்ளுக்க முழுக் காட்டு நிற முயல். வெள்ளைக்கான அலகு ரெண்டு பக்கத்தாலயும் வந்ததால நிறப்பொருளே உண்டாகாமல் எல்லாம் மூடுப்பட்டுப் போச்சு. கறுப்போட சேர்ந்தவுடன மூடி விலகிட்டுது. இப்ப பாருங்கோ, கறுப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சொக்லேற்றும் "மறைநிறம்", வெள்ளைக்குக் கீழ மூடியிருக்கிற காட்டு நிறமும் "மறைநிறம்" எண்டால், எதைச் சொல்லுறம்? முதலாவது தனி ஒரு அலகா, பலம் காணாமல் இருக்கிறது. ரெண்டாவது பலமான அலகு, வேற ஒரு அலகுச் சோடி அதை மூடி வைச்சிருக்கு. குட்டி எப்பிடி வரும் எண்டு கணக்குப் போடுற ஆளுக்கு இது ரெண்டும் ரெண்டு கணக்கு.

அதால நான் கேக்கிறது ரெண்டு சொல்லு. ஒளிஞ்சு போறதுக்கு பொதிநிறம். வெள்ளை மூடுறதுக்கு போர்வை, "போர்வை வெள்ளை".

பொதி எண்டால் எங்களுக்கு சோத்துப்பொதி, தபால்ல வாற பொதி, அவிட்டால்தான் உள்ளுக்க என்ன எண்டு தெரியும். தமிழ்நாட்டில பொதி சுமக்கிறது எண்டு சொல்லுறாங்கள், அதில சுமக்கிற கருத்தும் வந்திடுது, கேரியர் எண்டதில இருக்கிற கருத்தும் அதுதானே. சொல்லு நிண்டு பிடிக்குமோ எண்டு ஒரு மாசமா வீட்டுக் கொப்பியில எழுதிப் பார்த்தன்: "கறுப்பு, பொதி சொக்லேற்". "கறுப்பு, பொதி இல்லை". "கறுப்பு, பொதி சொக்லேற், பொதி நீலம்". "இந்த ஈத்தில பொதி அவிண்டுட்டுது", அதாவது சொக்லேற் குட்டி வந்திட்டுது. மகள் நான் விளங்கப்படுத்தாமலே "அப்பா, பொதி அவிழ ரெண்டு பக்கத்திலயும் அதே பொதி இருக்கவேணும் என்ன" எண்டு கேட்டாள். பாடத்தில அவ்வளவு சொல்லியும் விளங்காதது அந்தச் சொல்லால விளங்கினது எனக்குப் பெரிய சந்தோசம்.

சோதனைக் கலப்புக்கும் இது உதவுது. கறுப்பில பொதி இருக்கோ எண்டு அறிய சொக்லேற்றோட விடுறது. ஒரு சொக்லேற் குட்டி வந்தாலே காணும், பொதி உறுதி. 7 குட்டியும் கறுப்பெண்டால் பொதி இருந்தும் தப்பினதுக்கு 128 இல 1தான் சந்தர்ப்பம். இதைப் "பொதி பார்க்கிறது" எண்டு சொல்லலாம்.

ஹிமாலயன் முயலை இதுக்குள்ள கொண்டுவர வேண்டாம். அதிட மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுக்கிறது குளிரால, உடம்பில சூடு குறைஞ்ச இடத்திலதான் அதிட நிறப்பொருளை உண்டாக்கிற நொதியம் வேலை செய்யும், முதுகு மயிரை வழிச்சு ஐஸ் வைச்சுக் கட்டினால் அந்த இடத்திலயும் கறுப்பா முளைக்கும். எங்கட ஊரில சூடான கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காது நுனி வெறும் பால்தேத்தண்ணி நிறத்தில நிக்கும், போர்வை வெள்ளை எண்டு பிழையா எழுதிப்போடுவீங்கள். அதுக்கு "குளிர்நிறம்" எண்டு ஆரோ முதல்ல எழுதியிருந்தவை, எனக்கு முழுச் சம்மதம்.

புள்ளி முயலுக்கும் பொதி எண்ட சொல்லைப் பாவிக்கக் கூடாது. புள்ளி ஒரு பக்கத்தால வந்தாலே வெளியில தெரிஞ்சிடும், ஒளியாது. புள்ளியையும் புள்ளியையும் சேர்த்தால் 4 இல 1 அநேகமா வெள்ளையா, மூக்கடியிலயும் காதிலயும் கொஞ்சம் நிறத்தோட வரும், அதுகளுக்குக் குடல் வீங்கி மலம் இறங்காத வருத்தம் வரக்கூடியது. நான் ஒண்டை அப்பிடி வளர்த்து, விடிய விடிய வயித்தைத் தடவிக்கொண்டு இருந்தனான். தயவுசெய்து புள்ளியை ஒற்றை நிறத்தோட மட்டும் விடுங்கோ. இந்த ரெட்டைப் புள்ளிக்கும் ஒரு பேர் வேணும், வாங்கிற ஆள் அந்தப் பேரைக் கேட்டவுடனயே கவனமா இருக்கிற மாதிரி. "இரட்டைப்புள்ளி" எண்டால் புள்ளி கூடின முயல் எண்டு நினைச்சிடுவினம், உண்மையில புள்ளி குறைஞ்சது அதுதான். இதுக்கு என்னட்ட சொல்லு இல்லை, உங்களிட்ட இருந்தால் எழுதுங்கோ.

அந்த ஆறு காட்டு நிறக் குட்டியில ஒரு பெண் இப்ப வளந்திட்டுது. காட்டு நிறத்துக்குள்ள கறுப்பும் ஒளிஞ்சிடும். அதிட அட்டையில "காட்டு நிறம், பொதி கறுப்பு, பொதி வெள்ளை" எண்டு எழுதி, கறுப்பு ஆணோட விட்டிருக்கிறன். அரைவாசி கறுப்பா வரவேணும். ஈண்டவுடன எழுதுறன்.