'ஆர்மிஸ்டிஸ்' என்பதற்கு 'போர்நிறுத்தம்' போதுமா? – கலைச்சொல் விவாதம்

அனைவருக்கும் வணக்கம்.

போர்ச்சட்டச் சொற்பட்டியலில் சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ் மூன்றுக்கும் எதிரே 'போர்நிறுத்தம்' என்றே இருக்கிறது. முதலிரண்டை எப்படியாவது சமாளிக்கலாம். 'ட்ரூஸ்' என்பதற்குத் 'தற்காலிகப் போர்நிறுத்தம்' என்று போட்டால் குடி முழுகிவிடாது. மூன்றாவதுதான் இடிக்கிறது.

சீஸ்ஃபயர் என்பது அடிப்படையில் சுடுவதை நிறுத்தச் சொல்லும் கட்டளை. ஒரு தரப்பு மட்டுமே தன் படைக்கு அதை இடலாம். எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆர்மிஸ்டிஸுக்கோ தரைப்போர் பற்றிய 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிமுறைகளில் 36 முதல் 41 வரை ஆறு பிரிவுகள் இருக்கின்றன. இரு தரப்பும் ஒப்ப வேண்டும். கால வரையறை இல்லையென்றால் எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் சண்டையைத் தொடரலாம், ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் எதிரிக்குச் சொல்லிவிட்டு. போர்முனை முழுவதற்கும் செய்யலாம், ஓரிடத்துக்கு மட்டும் செய்யலாம். ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மற்றது உடன்பாட்டை முறிக்கலாம். அவசரமானால் உடனே சுடவும் செய்யலாம். ஆனால் தனி ஆள் தன் விருப்பத்துக்கு மீறியிருந்தால் அவனைத் தண்டிக்கும்படியோ இழப்பீடு தரும்படியோ கேட்கத்தான் உரிமை. போரைத் திரும்பத் தொடங்க அது காரணமாகாது.

ஆறு பிரிவுகளில் ஓரிடத்திலும் போர் முடிந்தது என்ற பேச்சே இல்லை.

என் முன்மொழிவு: படைநிறுத்தம். மூலச்சொல்லில் 'ஆர்மா' என்றால் ஆயுதம். தமிழில் 'படை' ஆயுதத்தையும் குறிக்கும், சேனையையும் குறிக்கும். இவ்வளவு நெருக்கமாக ஒரு சொல் வாய்ப்பது அரிது. (சமாதானம் என்ற பொருளில் 'சந்து' என்ற பழஞ்சொல்லும் அகராதியில் உண்டு. ஆனால் கொரியப் போரை நிறுத்திய உடன்பாட்டைக் 'கொரியச் சந்து' என்று எழுதினால் முட்டுச்சந்தா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயமும் இருக்கிறது.)

* * *

> என் முன்மொழிவு: படைநிறுத்தம்.

ஐயா, வேர் பொருந்துகிறது, வழக்கு ஒத்துவரவில்லை. 'எல்லையில் படைகளை நிறுத்தியது' என்றால் தமிழில் என்ன பொருள்? குவித்தது என்று. 'இரு நாடுகளும் படைநிறுத்தம்' என்ற தலைப்பைப் படிப்பவர் பதறித்தான் போவார். 'படையமர்வு' என்று மாற்றிப் பார்த்தால் 'அமர்' என்றாலே போர். 'போரோய்வு' காதுக்கு இனிமையாக இருக்கிறது, மழை ஓய்ந்தது போல. ஆனால் ஓய்ந்தது ஓய்ந்ததுதான் என்ற எண்ணம் அதில் வந்துவிடுகிறது. போர் முடியவில்லை என்று நீங்கள் சொன்னீர்களே, சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை என்பதற்கு முதல் உலகப் போரில், 1918 நவம்பர் 11-இல் பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஜெர்மனியும் நேச நாடுகளும் கையெழுத்திட்ட தாளைப் பாருங்கள். காலை 5 மணியளவில் கையெழுத்து, 11 மணிக்கு நடைமுறை. காலம் 36 நாள் மட்டும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் 48 மணி நேர முன்னறிவிப்போடு முறிக்கலாம். மூன்று முறை நீட்டித்தார்கள். 5,000 பீரங்கிகள், 25,000 இயந்திரத் துப்பாக்கிகள், 1,700 விமானங்கள், 5,000 ரயில் என்ஜின்கள், 1,50,000 ரயில் பெட்டிகள் என்று ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவை எண்ணிக்கையோடு இருக்கின்றன. கடல் முற்றுகை மட்டும் அப்படியே தொடரும். சண்டையைத் திரும்பத் தொடங்க முடியாதபடி கையைக் கட்டுகிற ஏற்பாடு இது. ஆனால் பெயரளவில் சரணடைவு இல்லை. ஜெர்மன் படை அணிவகுத்தே ஊர் திரும்பியது. ஜெர்மன் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்திட்ட எர்ஸ்பெர்கர் தளபதி அல்லர், அரசியல்வாதி. 'களத்தில் தோற்கவில்லை, முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற கட்டுக்கதைக்கு இந்த இரண்டும் தீனியாயின. எர்ஸ்பெர்கரை 1921-இல் சுட்டுக் கொன்றார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் 'நிபந்தனையற்ற சரண்' என்று அறிவித்ததற்கும், 1945 மே மாதத்தில் ஜெர்மன் படைத்தலைமையின் கையெழுத்தையே கேட்டு வாங்கியதற்கும் பின்னால் இந்தச் சூடு இருக்கிறது.

அடுத்து 1940 ஜூன் 22. அதே காடு, அதே ரயில் பெட்டி; இம்முறை கேட்டு நிற்பது பிரான்ஸ். அந்த உடன்பாட்டின் 20-ஆம் பிரிவு, ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகள் அமைதி ஏற்படும்வரை கைதிகளாகவே இருப்பார்கள் என்றது. போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையும் கடைசிக் கெடுவாக அமைதியைத்தான் வைத்திருந்தது. அமைதி ஒப்பந்தம் வரவேயில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். 'பிரான்சில் போர் நின்றது' என்று தமிழில் எழுதிவிட்டால், பிறகு அவர்களை ஏன் விடவில்லை என்பது வாசகருக்கு விளங்கவே விளங்காது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1949-இன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை 118-ஆம் பிரிவில் 'அமைதி'யை எடுத்துவிட்டது. செயல்முறைச் சண்டை (ஆக்டிவ் ஹாஸ்டிலிட்டீஸ்) ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவித்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றது. ஒட்டுப்போட்ட இடமே நான்கு ஆண்டுக்குள் கொரியாவில் பிய்ந்தது. ஊர் திரும்ப மறுக்கிற கைதியை என்ன செய்வது என்று பிரிவில் இல்லை. 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு 1953 ஜூலை வரை இழுத்ததற்கு முதன்மைக் காரணம் இதுதான். போக மறுத்தவர்களை இந்தியா தலைமை வகித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைப்பது என்று முடிவான பிறகே வழி பிறந்தது. ஆணையத் தலைவரான இந்தியத் தளபதி திம்மையாவின் பொறுப்பில் வந்தவர்கள் 22,000-க்கும் மேல்.

ஆகவே என் பரிந்துரை போரிடைநிறுத்தம். ஹேக் விதிமுறைகளின் 36-ஆம் பிரிவு சொல்வதும் இடைநிறுத்தலைத்தான். இலங்கையில் 'பணி இடைநிறுத்தம்' அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் 'இடைநீக்கம்' இருப்பதால் அங்கும் புரியும். இடைநிறுத்தப்பட்டவர் வேலை இழந்தவர் அல்லர் என்பதும் இரு பக்கமும் தெரிந்ததே. வினையாக்கவும் தடையில்லை: 'போரை இடைநிறுத்தினர்'.

* * *

அம்மா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு தடை சொல்லியாக வேண்டும்.

முதல் தடை காலம். கொரிய உடன்பாடு 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குக் கையெழுத்தாகி இரவு 10 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. 72 மணி நேரத்துக்குள் இரு படையும் தங்களைப் பிரிக்கும் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும். 60-ஆம் பத்தி மூன்று மாதத்துக்குள் அரசியல் மாநாடு கூட்டப் பரிந்துரைத்தது. 1954-இல் ஜெனீவாவில் கூடினார்கள், கொரியாவைப் பொறுத்தவரை வெறுங்கையோடு கலைந்தார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இதை 'இடை' என்றால் சிரிக்க மாட்டார்களா? சட்டமும் நகர்ந்திருக்கிறது. 1951-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 95-ஆம் தீர்மானம், இரண்டரை ஆண்டாக நடைமுறையில் இருக்கும் எகிப்து–இஸ்ரேல் உடன்பாடு நிலைத்தன்மை கொண்டது, எனவே எகிப்து சூயஸ் கால்வாயில் கப்பலை மறிக்கப் போரிடுவோருக்குரிய உரிமையைக் காட்ட முடியாது என்றது. 1907-இன் 'எப்போது வேண்டுமானாலும் தொடரலாம்' அன்றே பாதி தேய்ந்துவிட்டது.

இரண்டாம் தடை கிளைச்சொற்கள். முக்கியமாக, உடன்பாடு படைகளுக்கு நடுவே போடும் கோடு. 1949-இல் எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட உடன்பாடு, கோட்டை எவ்வகையிலும் அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் நாளேடுகளோ காஷ்மீரில் 1972 சிம்லா உடன்பாட்டுக்குப் பின் வந்த கட்டுப்பாட்டுக் கோட்டை 'எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு' என்று எழுதுகின்றன. ஒப்பந்தம் பார்த்துப் பார்த்துத் தவிர்த்த சொல்லை நாமே கொண்டுபோய் முன்னால் ஒட்டிவைத்திருக்கிறோம்.

கோட்டின் பருமன்கூட வம்பை வளர்க்கும். எருசலேமில் இஸ்ரேலியத் தளபதியும் ஜோர்டான் தளபதியும் 1948 நவம்பரில் 1:20,000 வரைபடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டார்கள். 3 மில்லிமீட்டர் பருமன் என்றால் தரையில் 60 மீட்டர், 4 என்றால் 80. கோட்டுக்கு உள்ளேயே தெருவும் வீடும் அகப்பட்டுக்கொண்டன. அவை யாருடையவை என்று பென்சில் சொல்லவில்லை. காஷ்மீருக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த 1949 ஜூலை 27 கராச்சி உடன்பாட்டில் கோடு ஓரிடத்துக்கு வந்ததும் 'அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை' என்று முடிகிறது. அந்த உயரத்தில் யாரும் போய்ப் படை நிறுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1972-இல் வரைந்ததும் என்.ஜே.9842 என்ற புள்ளியோடு நின்றது. 1984 ஏப்ரலில் இந்தியப் படை சியாச்சினில் ஏறியது. 'வடக்கே' என்றால் நேர் வடக்கா, மலைமுகட்டை ஒட்டியா என்ற ஒற்றைச் சொல் வழக்கு இன்னும் தீரவில்லை. கொரியாவில் இதே குறை கடலில். தரைக்கோட்டை அங்குலம் அங்குலமாக வரைந்தவர்கள் மேற்குக் கடலில் ஐந்து தீவுத்தொகுதிகள் ஐ.நா. படைத்தலைமைக்கு என்று எழுதியதோடு விட்டுவிட்டார்கள். கரையோர நீர் 3 கடல்மைலா 12 கடல்மைலா என்பதில் ஒத்துப்போக முடியவில்லை. பிறகு ஐ.நா. தரப்பு தானாகப் போட்ட வடக்கு வரம்புக்கோட்டை ஒட்டித்தான் 1999, 2002 கடற்சண்டைகளும் 2010-இல் தென்கொரியாவின் யோன்பியோங் தீவின் மீதான வடகொரியப் பீரங்கித் தாக்குதலும்.

எனவே கோட்டுக்குப் 'போரிடைக் கோடு' என்று சுருக்க இடமிருந்தால் ஒப்புக்கொள்கிறேன். 'எல்லை' மட்டும் எங்கும் வரவேண்டாம்.

* * *

இருவருக்கும் நன்றி. 'படைநிறுத்தம்' என்ற முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். 'எல்லையில் படை நிறுத்தம்' என்ற ஒரு வரி போதும், அதை அடக்கம் செய்ய.

> எழுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இதை 'இடை' என்றால் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்கட்டும். சொல் நிலையைச் சொல்கிறது, நேரத்தை அளக்கவில்லை. 'இடைக்கால உத்தரவு' பத்தாண்டு ஓடினாலும் இடைக்காலம்தான். மேலும் அந்த 'இடை' தேய்ந்துவிட்டது என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. 1991 ஏப்ரல் 3-இல் பாதுகாப்பு அவையின் 687-ஆம் தீர்மானம் வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கோடு முறையான போர்நிறுத்தத்தை ஆயுதக் களைவு நிபந்தனைகளோடு கட்டியது. 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் என்ன வாதிட்டன? நிபந்தனை மீறப்பட்டுவிட்டது, ஆகவே 1990-இன் 678-ஆம் தீர்மானம் படைபலத்துக்குத் தந்த அனுமதி உயிர்பெற்றுவிட்டது என்று. மீறலை மதிப்பிட வேண்டியது பாதுகாப்பு அவையா, தனி நாடுகளா என்பதில்தான் உலகமே பிரிந்து நின்றது. மீறலைப் பற்றிய ஹேக் 40-ஆம் பிரிவு இரண்டு படைத்தலைவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நடுவில் ஓர் அவை உட்கார்ந்திருக்கும் என்று அதற்குத் தெரியாது.

முறிப்பதற்கும் தனிச்சொல் வேண்டும். மீறல் வேறு, முறிப்பு வேறு. 2002 பிப்ரவரி 22 இலங்கை உடன்பாட்டில் விலக விரும்பும் தரப்பு நோர்வே அரசுக்கு 14 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அரசு 2008 ஜனவரி 2-இல் முடிவை அறிவித்தது, 16-இல் உடன்பாடு முடிந்தது. தரையில் சண்டை அதற்கு வெகு முன்பே மூண்டுவிட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் மீறல். முறிப்பு என்பது அந்த 14 நாள் மட்டும். செய்திகள் இரண்டுக்கும் 'மீறல்' என்றே எழுதின. 'முறிப்பறிவிப்பு' என்று இடுகிறேன்.

பட்டியலில் பதிவாவது இப்படி. போர்நிறுத்தம், சீஸ்ஃபயருக்கே இருக்கட்டும். நாளேடுகளிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது. போரிடைநிறுத்தம்: போரிடும் தரப்புகள் உடன்பட்டு, போர்நிலை நீங்காமல், படை நடவடிக்கையை இடைநிறுத்துவது, காலவரையறையும் முறிப்பறிவிப்புக் கெடுவும் கொண்டிருக்கலாம். போரிடைக் கோடு ஏற்கப்பட்டது. 'எல்லை' சேர்க்கக் கூடாது என்ற குறிப்பும் உடன் போகும். 'கட்டுப்பாட்டுக் கோடு' தனிப்பதிவு.

மிச்சம் இருப்பது 118-ஆம் பிரிவின் தொடர். 'செயல்முறைச் சண்டை' வேண்டாம் அம்மா, பள்ளிக்கூடத்துச் செய்முறைத் தேர்வு போல ஒலிக்கிறது. இப்போதைக்கு 'நடப்புச் சண்டை ஓய்தல்' என்று இட்டிருக்கிறேன். துப்பாக்கி ஓய்ந்து முற்றுகை மட்டும் தொடர்ந்தால், 1918 குளிர்காலம் போல, அது ஓய்ந்ததில் சேருமா சேராதா என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். 'நடப்பு' அதைச் சொல்கிறதா என்று பாருங்கள்.