சோஷியல் நம்பர் தராத டெய்கேர் ஆன்ட்டி எல்லாம் வரித் திருடியா?

அஞ்சு பிள்ளைக்காரி:
நேற்று வேறொரு இழையில் எடிசன் அப்பா என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வீட்டில் டெய்கேர் நடத்துபவர் சோஷியல் நம்பர் தரத் தயங்கினால், வாங்கும் பணத்துக்கு வரி கட்டவில்லை என்று அர்த்தம்." (சோஷியல் என்றால் எஸ்எஸ்என், அமெரிக்காவில் வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் ஒன்பது இலக்க எண். டெய்கேர் செலவுக்கு வரிச்சலுகை கேட்கும் பெற்றோர், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் வரி எண்ணைத் தங்கள் கணக்கில் எழுத வேண்டும்.) இதற்கு லைக் போட்டவர்களில் பாதிப்பேர் தங்கள் பிள்ளையை யாரோ ஓர் ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்து போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். நான் நியூஜெர்சியில் 2015 முதல் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாநிலத்தில் ஐந்து குழந்தைகள் வரை பார்க்கப் பதிவு கட்டாயமே இல்லை. நானாகப் போய்ப் பதிவு செய்தேன், கைரேகை கொடுத்தேன், வீட்டைச் சோதிக்கவும் விட்டேன். ஜனவரி முதல் வாரம், பெற்றோரின் வரிக் கணக்குக்காக என் பெயர், முகவரி, எண் எழுதித் தரும் டபிள்யூ-10 ஃபார்மை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, குழந்தையின் லஞ்ச் பையிலேயே வைத்து அனுப்பிவிடுவேன், யாரும் கேட்க வேண்டியதில்லை. அதில் இருப்பது ஈஐஎன், அதாவது ஐஆர்எஸ் என்கிற வரித்துறை தொழிலுக்கென்று தரும் எண். சோஷியல் நம்பர் தரமாட்டேன். இப்போது சொல்லுங்கள், நான் திருடியா?

எடிசன் அப்பா:
வணக்கம் மேடம். "தயங்கினால்" என்று எழுதினேன். நீங்கள் தயங்குகிறீர்களா இல்லையா? தரமாட்டேன் என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். அப்புறம் எனக்கு என்ன வேலை?

அஞ்சு பிள்ளைக்காரி:
ஈஐஎன் தருகிறேன் என்று அதற்கு முந்தைய வரியில் இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா?

எடிசன் அப்பா:
ஈஐஎன் கம்பெனிக்கு. நீங்கள் கம்பெனியா?

இரட்டைக்குழந்தை அம்மா:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் ஒரு வீட்டில் பிள்ளைகளை விட்டிருந்தோம், மாதாமாதம் வங்கிக்கணக்கிலிருந்து ஸெல்லில் பணம். ஏப்ரல் முதல் வாரம் நம்பர் கேட்டால், "அதெல்லாம் வேண்டுமென்றால் மாதம் 200 டாலர் கூட ஆகும், முன்பே சொல்லியிருந்தால் அந்த ரேட்டே போட்டிருப்பேன்" என்றார். சோஷியலும் இல்லை, ஈஐஎன்னும் இல்லை. பிள்ளைகள் அவர்மேல் உயிராக இருந்ததால் சண்டை போடவும் முடியவில்லை. கடைசியில் அந்த வருடம் எதையும் கிளெய்ம் செய்யாமல் விட்டோம்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, விட்டிருக்க வேண்டாம். தராதவர் தராவிட்டாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. அந்தச் சலுகையைக் கேட்கும் 2441 ஃபார்மில் அவர் பெயர், முகவரி எது தெரியுமோ அதைப் போட்டு, மீதிக் கட்டத்தில் இணைப்பைப் பார்க்கவும் என்று எழுதி, நம்பர் கேட்டோம், தர மறுத்தார் என்று ஒரு தாள் சேர்த்தால் போதும். கேட்டதற்கு அத்தாட்சியாக ஒரு மெசேஜ் இருந்தால் நல்லது. கடமை அவருடையது. வரிச் சட்டத்தின் 6109-ஆம் பிரிவுப்படி, குழந்தை பார்ப்பவர் கேட்பவருக்குச் சரியான வரி எண்ணைத் தந்தாக வேண்டும். அவருக்கு ரிட்டர்ன் போடும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் தர வேண்டும். தராவிட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 50 டாலர் அபராதம். டபிள்யூ-10-ஐ ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பவும் வேண்டாம், பெற்றோர் வீட்டில் வைத்துக்கொள்வது.

எடிசன் அப்பா:
கேட்டீர்களா. 50 டாலர். அஞ்சு பிள்ளை, ஐந்து வீடு, வருடத்துக்கு 250 டாலர். பதினோரு வருடத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அஞ்சு பிள்ளைக்காரி:
நம்பரே தராதவருக்குத்தான் அந்த அபராதம். நான் தந்துகொண்டிருக்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் புரியாது போலிருக்கிறது. 2441-இல் அந்தக் கட்டத்தின் தலைப்பைப் படியுங்கள் சார், எஸ்எஸ்என் அல்லது ஈஐஎன் என்று அச்சடித்திருக்கிறது. டபிள்யூ-10-இல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, மேலே எழுதியது சோஷியல் நம்பர் என்றால் இங்கே டிக் செய்யவும் என்று. எல்லோரும் சோஷியல்தான் தர வேண்டும் என்றால் அந்தப் பெட்டி எதற்கு? அழகுக்கா?

எடிசன் அப்பா:
தலைப்பை மட்டும் படித்தால் போதாது மேடம். விளக்கக் குறிப்பையும் படியுங்கள். பராமரிப்பவர் தனிநபர் என்றால் எஸ்எஸ்என், மற்றபடி ஈஐஎன். நீங்கள் தனிநபர். கதை முடிந்தது.

ஃப்ரிஸ்கோ ஃபில்டர்காபி:
2025 கணக்குக்கு ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர் செலவுதான் கணக்கில் வரும், நம் ஆட்கள் சம்பளத்துக்கு அதில் 20 சதவீதம், ஆக வரியில் குறையும் கிரெடிட் 600 டாலர். டெய்கேருக்கு மாதம் அதைவிடக் கூடவே கட்டுகிறோம். இந்த 600-க்காகவா மூன்று மணி நேரமாக மல்லுக்கட்டுகிறீர்கள்?

இரட்டைக்குழந்தை அம்மா:
உங்களுக்கு 600 சும்மா கிடைக்கிறது போலிருக்கிறது அண்ணா.

கணக்குப்பிள்ளை:
600-ஓடு முடியவில்லை. ஆபீஸில் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (பிள்ளைச் செலவுக்கு, வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) எடுத்தவர்களுக்கும் இதே 2441-தான், இதே நம்பர்தான். பல வருடமாக 5,000 டாலராக இருந்த அந்த வரம்பு 2026 முதல் 7,500. அதில் வருமான வரியோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் மிச்சம். ஆனால் எஃப்எஸ்ஏவில் எடுத்தது கிரெடிட்டில் கழியும். 2025 கணக்குக்கு, இரண்டு பிள்ளைக்கு 6,000, அதில் எஃப்எஸ்ஏ 5,000 போனால் 1,000, அதில் 20 சதவீதம் 200. ஒரே பிள்ளை என்றால் கிரெடிட்டில் ஒன்றுமே மிஞ்சாது. இதைத் தெரியாமல் இரண்டையும் முழுதாகப் போட்டுவிட்டு என்னிடம் வருபவர்கள் ஏராளம்.

எடிசன் அப்பா:
இழையின் தலைப்பு எஃப்எஸ்ஏ இல்லை. தனிநபருக்கு எஸ்எஸ்என்னா, ஈஐஎன்னா? கணக்குப்பிள்ளை சார், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
குறிப்பில் நீங்கள் சொன்னதுபோல்தான் இருக்கிறது. ஆனால் தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்கும் ஐஆர்எஸ்தான் ஈஐஎன் தருகிறது, பணம் தருபவருக்குத் தன் வரி எண்ணை எழுதித் தரும் டபிள்யூ-9-இல் அவர்கள் இரண்டில் எதையும் போடலாம் என்கிறது, வீட்டு டெய்கேர்காரர்கள் ஈஐஎன் தருவது ஊரெல்லாம் நடக்கிறது. நான் போட்டுக்கொடுத்த 2441-களில் பாதி ஈஐஎன்தான், ஒன்றும் திரும்பி வரவில்லை.

எடிசன் அப்பா:
"நான் சொன்னதுபோல்தான் இருக்கிறது." நன்றி. வேறு எதுவும் எனக்குத் தேவையில்லை.

அஞ்சு பிள்ளைக்காரி:
அடுத்த வரியைப் படிக்கமாட்டார். இவர் வீட்டில் மளிகை லிஸ்ட்டையும் முதல் வரியோடு நிறுத்திவிடுவாரோ என்னவோ. சரி, ஏன் சோஷியல் தருவதில்லை என்று சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் ஒரு வீட்டுக்குச் சோஷியல்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையனின் அப்பா அதை ஃபோனில் படம் எடுத்து, எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில், "இந்த நம்பரை எந்தக் கட்டத்தில் போடுவது?" என்று போட்டார். பெயர், முகவரி, ஒன்பது இலக்கம், கையெழுத்து எல்லாம் பளிச்சென்று. நான் பார்த்துக் கத்தி அவர் அழிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதை யார் யார் சேமித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்று ராத்திரியே ஐஆர்எஸ் தளத்தில் உட்கார்ந்து ஈஐஎன் வாங்கினேன். பைசா செலவில்லை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. (இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும். யாரும் ஏமாறாதீர்கள்.)

எடிசன் அப்பா:
ஓஹோ, முதல் வருடம் சோஷியல் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது சட்டம் ஒன்று, இப்போது சட்டம் வேறா?

இரட்டைக்குழந்தை அம்மா:
அண்ணா, அந்த அக்காவின் நம்பர் ஊர் முழுக்கச் சுற்றியது என்கிறார், அதில் உங்களுக்கு இதுதான் பட்டதா?

ஃப்ரிஸ்கோ ஃபில்டர்காபி:
சோஷியல் நம்பர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) வேலை அனுமதி இல்லாமலே டெய்கேர் நடத்தும் ஆன்ட்டிகள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். நம்பர் தராததற்குப் பாதிக் காரணம் அதுதான். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

அஞ்சு பிள்ளைக்காரி:
குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று சொல்வதிலேயே குறிப்பு இருக்கிறது தம்பி. நானும் ஹெச்-4-தான். எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு இந்த ஊரில் ஏழு வருடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்குக் கம்பெனி போடும் மனு, அப்ரூவ் ஆனவர்கள் வேலை செய்யலாம் என்று 2015 மே மாதம் விதி வந்தது. முதல் வாரமே விண்ணப்பித்து, அட்டை கைக்கு வந்த பிறகுதான் முதல் குழந்தையை வாங்கினேன். அந்த அட்டைக்கு அப்புறம்தான் சோஷியல் நம்பரே வந்தது. ஏழு வருடம் கழித்துக் கிடைத்த ஒன்பது இலக்கம் அது. அதை லஞ்ச் பையில் போட்டு அனுப்பச் சொல்கிறார் எடிசன் அப்பா.

வேடிக்கை பார்ப்பவன்:
ஒரு சந்தேகம். ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் வருகிறார். பாப்பாவை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவருக்கு மாதம் ஆயிரம் கொடுத்ததாகக் காட்டி கிரெடிட் எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
வருகை விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. இங்கேயே உரிமையோடு இருக்கும் பாட்டி, உங்கள் ரிட்டர்னில் டிபென்டன்டாக இல்லாதவர், உண்மையிலேயே பணம் வாங்குகிறார், அவரும் அதை வருமானமாகக் காட்டுகிறார் என்றால் பாட்டிக்குக் கொடுத்ததும் செல்லும். காட்டி என்ற வார்த்தைதான் உங்கள் கேள்வியில் இடிக்கிறது.

வேடிக்கை பார்ப்பவன்:
சும்மா கேட்டேன் சார்.

ஃப்ரிஸ்கோ ஃபில்டர்காபி:
அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க நினைத்தானே, அதற்கே இவனைப் பாராட்டலாம்.

எடிசன் அப்பா:
நான் வைத்த கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ஈஐஎன்னுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் வருமானத்தை மறைப்பது சுலபம். நான் சொன்னதன் சாரம் அதுதான்.

அஞ்சு பிள்ளைக்காரி:
ஈஐஎன் வாங்கும்போதே சோஷியலைக் கேட்டுத்தான் தருகிறார்கள். ஐஆர்எஸ்ஸுக்கு நான் யார் என்று தெரியும். தெரியாதது வாட்ஸப் குழுவுக்கு மட்டும்தான். வரிக் கணக்கு வேண்டுமா, கேளுங்கள். தொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி போடுகிறேன். லாபத்தின்மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம், வருமான வரி அதற்கு மேல் தனி. வீட்டுச் செலவில் தொழிலுக்கான பங்கைக் கழிக்க 8829 ஃபார்ம். வேறு தொழில்காரருக்கு ஓர் அறை தொழிலுக்கென்றே ஒதுங்கியிருக்க வேண்டும், டெய்கேருக்கு அந்த நிபந்தனை இல்லை. ராத்திரி நாங்கள் சாப்பிடும் ஹாலில்தான் பகலில் உங்கள் பிள்ளைகள் தவழ்கிறார்கள். அதனால் எத்தனை சதுர அடி, வருடத்தின் 8,760 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் என்று பெருக்கி எடுக்க வேண்டும். குழந்தைகள் போன பிறகு தரை துடைப்பதும் அந்த மணிக்கணக்கில் சேரும், நான் நோட்டில் தினமும் எழுதிவைக்கிறேன். மறைப்பவள் இவ்வளவு எழுதுவாளா? நீங்கள் உங்கள் ஹோம் ஆபீஸுக்கு ஒரு நாளாவது இப்படி எழுதியிருக்கிறீர்களா?

எடிசன் அப்பா:
நான் சம்பளக்காரன், எனக்கு அந்தக் கழிவே கிடையாது. ஆக, வீட்டு வாடகையிலும் கரண்ட் பில்லிலும் பாதியைக் கழித்துக்கொண்டு, எங்களிடம் வாரம் 300 வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு டாலர் போடுகிறீர்கள்.

அஞ்சு பிள்ளைக்காரி:
நான் எப்போது நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று எழுதினேன்?

எடிசன் அப்பா:
பொதுவாகச் சொன்னேன்.

அஞ்சு பிள்ளைக்காரி:
பொதுவாக இல்லை. போன வருடம் டயப்பர் பையைப் பற்றிய இழையிலும் இதையேதான் எழுதினீர்கள், "பத்து நிமிடத்துக்குப் பத்து டாலர் பிடுங்கினார்" என்று. யாரோ ஓர் ஆன்ட்டி உங்களிடம் பத்து டாலர் வாங்கியிருக்கிறார், அந்தக் கோபத்தை அமெரிக்காவில் இருக்கிற எல்லா ஆன்ட்டிகள்மேலும் தீர்க்கிறீர்கள். ஆறு மணிக்கு மேல் என் பிள்ளைக்கும் அம்மா வேண்டும் சார்.

எடிசன் அப்பா:
பத்து இல்லை, பன்னிரண்டு. ட்ரெயின் லேட். அதை விடுங்கள். தனிநபருக்கு எஸ்எஸ்என்.

இரட்டைக்குழந்தை அம்மா:
ஐயோ.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். சண்டை போட வேண்டிய ஆள், எந்த நம்பரும் தராமல் 200 டாலர் கூடக் கேட்டவர். அவரைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

அஞ்சு பிள்ளைக்காரி:
அவரையும் எங்களையும் ஒரே மூட்டையில் கட்டியவர் எடிசன் அப்பாதான். அந்த வாக்கியத்தை எடுக்கச் சொல்லுங்கள், நான் பேச்சை நிறுத்துகிறேன்.

எடிசன் அப்பா:
எடுக்கமாட்டேன். தயங்கினால் என்றுதான் இருக்கிறது.

வேடிக்கை பார்ப்பவன்:
அக்கா, செப்டம்பரில் உங்களிடம் இடம் இருக்குமா? அம்மா ஆகஸ்ட்டில் திரும்பிப் போகிறார். பாப்பாவுக்கு அப்போது பதினான்கு மாதம் ஆகியிருக்கும்.

அஞ்சு பிள்ளைக்காரி:
ஒன்று காலியாகும், தனிச்செய்தியில் வாருங்கள். பால் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணி.

எடிசன் அப்பா:
எந்த நம்பர் தருவார் என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

அஞ்சு பிள்ளைக்காரி:
ஈஐஎன். ஜனவரி முதல் வாரம். லஞ்ச் பையில்.

எடிசன் அப்பா:
பார்த்தீர்களா, இன்னும் தயங்குகிறார்.