ஷெட்டுக்குக் கீழே ஸ்கங்க், மழை பெய்தால் நாயில் திரும்பவும் நாற்றம். என்ன செய்யலாம்?

லின்ட்சே_வளவு, ஜூன் 12

வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் இருந்த நாங்கள் போன வருடம் லின்ட்சேக்குப் பக்கத்தில் ஒரு நாட்டுப்புற வீட்டுக்கு வந்தோம். பெரிய வளவு, பின்னால் அடுத்தவரின் சோளக் காணி, மூலையில் பழைய மர ஷெட், கொஞ்சம் கோழி, ஒரு லாப்ரடோர் நாய். இவ்வளவு நாளும் ஒன்றுமில்லை. இந்த மாதம் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

இரவு நாயை வெளியே விட்டபோது ஸ்கங்க் (பயந்தால் நாற்றத் திரவம் பீய்ச்சும் கறுப்பு வெள்ளை விலங்கு) நேரே முகத்தில் பீய்ச்சி அடித்துவிட்டது. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினோம், குறைந்த மாதிரி இருந்தது. நேற்று மழையில் நனைந்ததும் முதல் நாள் போலவே நாறுகிறது. மாமி வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். இப்போது சாம்பிராணியும் ஸ்கங்கும் கலந்து வருகிறது, அது இன்னும் மோசம்.

ஷெட்டுக்கு அடியில் ஒரு பொந்து. பின்னேரம் அதிலிருந்து ஒரு ஸ்கங்க் வெளியே வருவதை மகன் பார்த்தான். புல்தரை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். கோழிக்கூட்டில் முட்டை உடைந்து கிடக்கிறது. போதாததற்கு, வெள்ளிக்கிழமை காலை ஒரு கோழி தலையில்லாமல் கம்பிவலையோரம் செத்துக் கிடந்தது.

பக்கத்துக் காணிக்காரர், பொறி வைத்துப் பிடித்து வாகனத்தில் ஏற்றி ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுவிடச் சொல்கிறார். என் கணவருக்கும் அதுதான் விருப்பம். இன்னொருவர் பொந்துக்குள் நப்தலீன் உருண்டை போடச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்

நாய்க்குத் தக்காளிச் சாறு ஊற்றிக் குளிப்பாட்டுங்கள் தங்கச்சி. நாலைந்து டின் வேண்டும். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பீற்றர்பரோ_கோழி

தக்காளி வேண்டாம் அண்ணை. நம் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துப்போவதால் போய்விட்டது என்று தோன்றும், அவ்வளவுதான். வெளியே போய்விட்டு வருபவரைக் கேட்டால் உண்மை தெரியும். நாயும் சிவப்பாகிவிடும்.

தங்கச்சி, முதலில் நாயைப் பாருங்கள், மற்றது பிறகு. ஸ்கங்க் அடிப்பதில் நாற்றத்துக்குக் காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள். அவை எண்ணெய்ப் பதமானவை, தண்ணீரில் கரையாது. இவற்றோடு தயோஅசிட்டேட் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. அது அவ்வளவாக நாறாது, ஆனால் ஈரம் பட்டால் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். உங்கள் நாய் மழையில் திரும்ப நாறியது இதனால்தான். ஷாம்பூவால் இந்த இரண்டையும் முறிக்க முடியாது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் பால் க்ரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர், 1993-ல் அந்தக் கலவை அச்சில் வந்தது. அளவு இதுதான்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட் கிட்டத்தட்ட 1 லீற்றர், பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவச் சோப் ஒரு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. வாளியில் கலந்தவுடனே, நுரை இருக்கும்போதே, கையுறை போட்டுத் தேய்க்க வேண்டும். ஐந்து நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. பெரிய நாய்க்கு அளவைக் கூட்டலாம்.

முக்கியம்: மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். அது தொடர்ந்து ஆக்சிஜன் விடும், மூடியிருந்தால் வெடித்துவிடும். அதனால்தான் கடையில் கலந்த போத்தலாக விற்பதில்லை. கண்ணில், வாயில் படக்கூடாது. முகத்துக்குத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கறுப்பு நாயென்றால் முடி கொஞ்சம் வெளுக்கும்.

நாயின் கண் சிவந்திருக்கிறதா? ஈறு வெளிறி அல்லது மண்ணிறமாக இருக்கிறதா? சோர்ந்து படுக்கிறதா? அரிதாக இந்த அடியால் நாய்களின் சிவப்பணு பாதிக்கப்படும். அப்படி ஏதும் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், மிருக வைத்தியரிடம் போங்கள்.

லின்ட்சே_வளவு

ஐயோ, நன்றி. இன்று பின்னேரமே செய்தோம். முதல் தடவையிலேயே முக்கால்வாசி போய்விட்டது, நாளை திரும்பச் செய்வோம். கண் சிவந்திருக்கிறது, ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறான், ஈறும் இளஞ்சிவப்புத்தான். கடி எதுவும் தெரியவில்லை. ரேபிஸ் (விசர்நாய்க்கடி நோய்) பற்றித்தான் மாமிக்குப் பயம்.

பீற்றர்பரோ_கோழி

அடித்ததில் ரேபிஸ் வராது. எச்சிலில்தான் கிருமி இருக்கும், கடித்தால்தான் பயம். முடிக்குள் நன்றாக விலக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மிருக வைத்தியருக்கு ஒரு அழைப்பு. தடுப்பூசி போட்டிருப்பீர்கள்தானே? நம் ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று மாதம் தாண்டிய நாய், பூனை எல்லாவற்றுக்கும் அது சட்டப்படி கட்டாயம். 2015 டிசம்பரில் ஹமில்டன் பக்கம் ரக்கூன் (கைபோன்ற முன்கால் உள்ள காட்டு விலங்கு) வகை ரேபிஸ் திரும்ப வந்ததிலிருந்து ஸ்கங்குகளிலும் பிடிபட்டிருக்கிறது. ஆகவே வெறும் பயம் என்று தள்ளவும் முடியாது.

சரி, இப்போது வளவுக்கு வருவோம். நாலு விடயம் சொன்னீர்கள், நாலையும் ஒரே ஸ்கங்கின் தலையில் போட்டுவிட்டீர்கள். எனக்குச் சந்தேகம். இதற்குப் பதில் சொல்லுங்கள்:

பொந்தின் வாய் எவ்வளவு அகலம்? முன்னால் மண் குவிந்திருக்கிறதா? புல் எப்படிக் கிளறப்பட்டிருக்கிறது, குழியாகவா, பாய் சுருட்டியது போலவா? முட்டை எங்கே உடைந்து கிடக்கிறது? கோழிக்கூட்டு வலை எந்த வகை?

லின்ட்சே_வளவு

அளந்து பார்த்தேன். பொந்து ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் அகலம், வெளியே பெரிய மண்மேடு, அதில் புல்லும் முளைத்திருக்கிறது. புல்தரையில் குழிதான், விரல் அளவு ஆழம், கூம்பு மாதிரி. முட்டை கூட்டுக்குள்ளேயே ஒரு பக்கம் திறந்து நக்கித் துடைத்த மாதிரி. வலை சாதாரணக் கோழிவலை, அறுகோணக் கண்.

பீற்றர்பரோ_கோழி

நினைத்தேன். பொந்து கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டி வாழும் பெரிய கொறிவிலங்கு) தோண்டியது, பழையது. ஸ்கங்க் இருக்கிற பொந்தில் குடியேறிக்கொள்ளும். தானே வெட்டும் வாயில் இதைவிடச் சிறியது. புல்லில் கூம்புக் குழி ஸ்கங்க் வேலை. ரக்கூன் என்றால் புல்லைத் துண்டு துண்டாகப் புரட்டிப்போடும். முட்டையும் பெரும்பாலும் ஸ்கங்க்தான்.

ஆனால் கோழியைக் கொன்றது ஸ்கங்க் அல்ல. வலையோரம் தலையில்லாமல் கிடந்தால் ரக்கூன். கையை வலைக்குள் விட்டுத் தலையைப் பிடித்து இழுக்கும், உடல் வராது, விட்டுவிட்டுப் போகும். கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான், ரக்கூனை வெளியே வைத்திருக்க அல்ல. ஸ்கங்கை நாடு கடத்தினாலும் உங்கள் கோழி அடுத்த கிழமையும் சாகும்.

ஆகவே கோழிக்கூடுதான் இன்றிரவு வேலை. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள தடித்த கம்பிவலை வாங்குங்கள், கடையில் ஹார்ட்வேர் கிளாத் என்று கேட்க வேண்டும். குறைந்தது கோழிகள் குந்தும் உயரம் வரை சுற்றி அடியுங்கள். கொக்கித் தாழ்ப்பாளை ரக்கூன் திறந்துவிடும். இரண்டு அசைவு தேவைப்படும் பூட்டுப் போடுங்கள். முட்டையைப் பொழுது படுமுன் எடுத்துவிடுங்கள். ஸ்கங்குக்கு ஏறுவது சரிவராது, தோண்டத்தான் தெரியும். அதனால் கூட்டைச் சுற்றி வலையை ஓரடி புதைத்து, அடியில் வெளிப்பக்கமாக இன்னும் ஓரடி மடக்கி விடுங்கள். தோண்டிக்கொண்டு வருவது அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும்.

சுன்னாகத்தான்

எல்லாம் சரி தம்பி, ஸ்கங்கைப் பிடித்துத் தூரத்தில் விட்டால் என்ன? கறுப்புத் துணி போர்த்திய பொறியில் அடிக்காமல் அமைதியாக வரும் என்று கேள்வி.

மொறிஸ்பேர்க்_ரவி

துணி போர்த்தினால் அமைதியாக வருவது உண்மை. தூரத்தில் விடுவதுதான் பிழை. ஒன்ராறியோவில் 1997-ன் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் சொத்துக்குச் சேதம் செய்யும் விலங்கை நீங்கள் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள் விட வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவது சட்டமீறல். நோய் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகக்கூடாது என்பதும் இதற்கு ஒரு காரணம். 1 கிலோமீற்றரில் விட்டால் விடியுமுன் திரும்பி வந்துவிடும், எரிபொருள்தான் வீண்.

இன்னொன்று, இது ஜூன். ஸ்கங்குகள் மே முதல் ஜூன் தொடக்கம் வரை குட்டி போடும். இப்போது தாயைப் பிடித்தால் குட்டிகள் ஷெட்டுக்குக் கீழே பட்டினியில் சாகும். அந்த மணத்தைச் சாம்பிராணியால் அடக்க முடியாது.

நப்தலீன் உருண்டை வேண்டவே வேண்டாம். அது பூச்சிகொல்லி. பெட்டியில் எழுதியிருக்கும் பாவனைக்கு மாறாகப் போடுவது கனடாவில் குற்றம். காற்றோட்டமான பொந்தில் ஸ்கங்கை அது அசைக்காது, கோழிக்கும் பிள்ளைக்கும்தான் ஆபத்து.

லின்ட்சே_வளவு

குட்டிகள் இருப்பது நிச்சயம். நேற்று ஷெட் பலகையில் காது வைத்துக் கேட்டேன், கீச்சுச் சத்தம். அப்படியானால் ஓகஸ்ட் வரை அதனோடு குடியிருக்கத்தான் வேண்டுமா?

மொறிஸ்பேர்க்_ரவி

இரண்டு வழி. ஒன்று, பொறுத்திருப்பது. ஏழெட்டுக் கிழமையில் குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாக இரை தேடப் போகும், பிறகு கலைந்துவிடும். இரண்டாவது, குட்டிகள் நடக்கத் தொடங்கிய பின் பொந்து வாசலில் வெளிச்சமும் வானொலியும் வைத்து அதன் நிம்மதியைக் கெடுப்பது. தாய்க்கு எப்போதும் இன்னொரு பொந்து தெரிந்திருக்கும், தானே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். பேச்சு நிகழ்ச்சி பாட்டைவிட நல்லது என்பார்கள். நாங்கள் தமிழ் வானொலி வைத்தோம், மரண அறிவித்தல் நேரத்தில் போய்விட்டது.

பொறுத்திருக்கும் நாட்களில் நாயை இரவில் கயிற்றில் மட்டும் வெளியே கொண்டுபோங்கள், விளக்கைப் போட்டுக் கதவைத் தட்டி ஓசைப்படுத்திவிட்டு. ஸ்கங்குக்குக் கண் மந்தம். திடீரென்று கிட்டே போனால்தான் பயந்து அடிக்கும். முன்காலைத் தரையில் அடிப்பது, வாலைத் தூக்குவது எல்லாம் எச்சரிக்கை. அப்போது பின்வாங்கினால் போதும், மூன்று நாலு மீற்றர் தூரம் வரை குறி தவறாது. அதன் சுரப்பி காலியானால் நிரம்பப் பத்து நாளளவு எடுக்கும், ஆகவே அதுவும் வீணாக அடிக்க விரும்பாது. பகலில் ஒரு ஸ்கங்கைக் கண்டால் உடனே ரேபிஸ் என்று நினைக்காதீர்கள். பாலூட்டும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடினால், காரணமில்லாமல் பாய்ந்து வந்தால்தான் பயப்பட வேண்டும்.

மட்டக்களப்பு_மாமரம்

இங்கே எங்களுக்கு மரநாய். ஓட்டுக்கூரைக்குள் குடியிருந்து பலாப்பழம், கோழிக்குஞ்சு, இரவு முழுக்க ஓட்டம். அது வெளியே போன இரவு நேரம் பார்த்து ஓட்டின் இடைவெளியை அடைத்தோம். அங்கேயும் அப்படிச் செய்ய முடியாதா?

மொறிஸ்பேர்க்_ரவி

முறை அதேதான், ஆனால் எப்போது போனது என்று காவல் இருக்க வேண்டியதில்லை. ஒருவழிக் கதவு என்று ஒன்று இருக்கிறது, ஓகஸ்டில் எழுதுகிறேன்.

பண்ணை_மாலா

புல்தரை பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்கங்க் தோண்டுவது வேரைத் தின்னும் வெண்புழுவுக்காக, ஐரோப்பிய வண்டு, ஜப்பானிய வண்டு ஆகியவற்றின் புழுக்கள். புழு இருக்கும்வரை ஸ்கங்க் வரும். 2009 முதல் ஒன்ராறியோவில் அழகுக்காகப் புல்தரைக்கு இரசாயனப் பூச்சிகொல்லி தெளிக்கத் தடை. அதனால் நெமடோட் என்ற நுண்புழுக்களை வாங்கித் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கம்தான் காலம், அப்போது புழு சின்னது. பின்னேரம் தெளியுங்கள், முன்னும் பின்னும் மண்ணை நனைத்து வையுங்கள், வெயில் பட்டால் செத்துவிடும்.

எனக்கு வளவில் ஸ்கங்க் வருவது அவ்வளவு கோபமில்லை, சொல்லப்போனால். மண்ணுக்குள் குளவிக்கூடு இருந்தால் அதையும் தோண்டித் தின்றுவிடும். ஆனால் பறவைத் தீனி, பூனைச் சாப்பாடு, திறந்த உரக்குழி எதையும் இரவில் வெளியே விடாதீர்கள்.

லின்ட்சே_வளவு, ஓகஸ்ட் 21

திரும்ப வந்தேன். பொறுத்திருந்தோம். தாயும் ஐந்து குட்டியும் வரிசையாக வாலைத் தூக்கிக்கொண்டு போனதை மகன் படமெடுத்தான், மாமி உட்பட எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். கூட்டுக்குப் புது வலை போட்டபின் ஒரு கோழியும் போகவில்லை. இரவில் ரக்கூன் வந்து பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவது கமெராவில் தெரிகிறது. வளவு ஓரத்தில் பச்சை நிறப் பொட்டலம் ஒன்று கிடந்தது, வனிலா மணம். விமானத்திலிருந்து போட்ட ரேபிஸ் தடுப்புத் தீனி என்று அயலவர் சொன்னார், தொடாமல் விட்டோம்.

இப்போது அந்த ஒருவழிக் கதவு?

மொறிஸ்பேர்க்_ரவி

முதலில் பொந்தில் பழைய பத்திரிகையைக் கசக்கி இலேசாக அடையுங்கள். இரண்டு மூன்று இரவுக்கு அசையாவிட்டால் உள்ளே யாரும் இல்லை, நேரே மூடலாம். தள்ளப்பட்டிருந்தால், ஷெட்டைச் சுற்றி வலையைப் புதைத்து, கூட்டுக்குச் செய்த மாதிரியே வெளிப்பக்கம் மடித்து, பொந்து வாயை மட்டும் விடுங்கள். அந்த வாயில் மேலே கீல் வைத்த வலைத்துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள், வெளியே தள்ளினால் திறக்கும், உள்ளே தள்ளினால் தடுக்கும்படி. வாசலில் கோதுமை மா தூவி வைத்தால் தடம் தெரியும்.

லின்ட்சே_வளவு

பத்திரிகை தள்ளப்பட்டிருந்தது. கதவு போட்டோம், முதல் இரவே வெளியே போன தடம், உள்ளே வந்த தடம் இல்லை. எப்போது நிரந்தரமாக மூடலாம்? பனிக்காலத்தில் வேறு ஒன்று வருமா?

மொறிஸ்பேர்க்_ரவி

குறைந்தது மூன்று இரவு தொடர்ந்து மாவில் புதுத்தடம் இல்லாவிட்டால் மூடுங்கள். மழை பெய்த இரவைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மா கரைந்துவிடும். கரடிபோல முழுக் குளிர்காலமும் ஸ்கங்க் தூங்குவதில்லை, இளம் வெப்பம் வந்தால் எழும்பி நடக்கும். பெப்ரவரி, மார்ச்சில் துணை தேடி ஆண்கள் அலையும், பெண்கள் இடம் பார்க்கும். ஆகவே ஜனவரி கடைசியில் ஒருமுறை வலையைச் சுற்றி நடந்து பாருங்கள், பனி தள்ளி எங்காவது தூக்கியிருந்தால் கல் வைத்து அழுத்துங்கள்.